பாதுகாப்பு உத்தரவு எத்தனை நாள் செல்லும்?

அல்லி:
வணக்கம். என் அக்காவுக்காகக் கேட்கிறேன். கணவர் அடித்துத் துன்புறுத்தியதால் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாக மனு போட்டோம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உத்தரவும் கிடைத்துவிட்டது. அவளை அடிக்கவோ மிரட்டவோ கூடாது, எங்கள் வீட்டுக்கும் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கும் வரக்கூடாது, போனில் தொல்லை கொடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது.

இப்போது அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "அதெல்லாம் ஆறு மாதத்துக் காகிதம், அப்புறம் தானாகச் செல்லாமல் போய்விடும். அதற்குள் சமாதானமாகப் போவதுதான் பெண்ணுக்கு நல்லது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கமே இல்லை. உண்மையில் இந்த உத்தரவு எத்தனை நாளைக்குச் செல்லும்?

மருதம்:
ஒரு வருடம் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன் அல்லி. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் சொன்னார்கள். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

வைகைக்கரை:
மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இந்த வகை வழக்குகளை நடத்துகிற வக்கீல் நான். ஆறு மாதமும் இல்லை, ஒரு வருடமும் இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் பிரிவு 25(1) இதை நேராகவே சொல்கிறது: பிரிவு 18இன் கீழ் போட்ட பாதுகாப்பு உத்தரவு, பாதிக்கப்பட்ட பெண் அதை நீக்கும்படி மனு போடுகிற வரைக்கும் அமலில் இருக்கும். முடிவுத் தேதி கிடையாது. புதுப்பிக்கவும் தேவையில்லை. உங்கள் அக்கா கேட்காதவரை அது தானாகக் காலாவதி ஆகாது.

மருதம் சொன்ன ஒரு வருடம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. உத்தரவை மீறினால் பிரிவு 31இன்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஒரு வருடம் மீறியவனுக்கு உரியது, உத்தரவின் ஆயுள் அல்ல. இன்னொரு ஒரு வருடமும் ஊரில் உலவுகிறது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் செல்லாது என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. பிரிவு 12இன் கீழ் போடும் மனுவுக்கு அந்த ஒரு வருடக் கெடு கிடையாது.

ஆனால் அல்லி, ஒரு விஷயம் முக்கியம். உங்கள் கையில் இருப்பது இறுதி உத்தரவா, இடைக்கால உத்தரவா? மனு போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் பெரும்பாலும் பிரிவு 23இன் கீழ் வந்த இடைக்கால உத்தரவாகத்தான் இருக்கும். உத்தரவின் கடைசிப் பத்தியை எடுத்துப் படித்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே இங்கே போடுங்கள். பெயர், வழக்கு எண், ஊர் எதுவும் வேண்டாம்.

அல்லி:
மிக்க நன்றி ஐயா. எடுத்துப் பார்த்தேன். மேலே இடைக்கால மனு என்றுதான் இருக்கிறது. கடைசியில் "அடுத்த விசாரணைத் தேதி வரை" என்று இருக்கிறது. அப்படியானால் அடுத்த வாய்தாவோடு முடிந்துவிடுமா? அந்தப் பெரியவர் சொன்னதில் ஏதோ உண்மை இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

வைகைக்கரை:
பயப்பட வேண்டாம், ஆனால் அசட்டையாகவும் இருக்க வேண்டாம். எதிர்த் தரப்பைக் கேட்காமல் அவசரமாகப் போடும் உத்தரவில் சில நீதிபதிகள் அடுத்த வாய்தா வரைக்கும் என்று எழுதுவார்கள். சிலர் மூல மனு, அதாவது நீங்கள் முதலில் போட்ட பாதுகாப்பு மனு, முடியும் வரை என்று எழுதுவார்கள். உங்களுடையது முதல் வகை. அடுத்த வாய்தாவன்று நீட்டிப்புக் கேட்க வேண்டும். நீதிபதி நீட்டித்தால் அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். முடிந்தால் அன்றே, "மூல மனு முடியும் வரை" என்று மாற்றித் தரும்படி உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். வக்கீல் வர முடியாத நாளாக இருந்தால் அக்கா தானே கூண்டருகே போய் நின்று, "அய்யா, இடைக்கால உத்தரவை நீட்டித்துத் தாருங்கள்" என்று சொன்னாலே போதும். நீதிபதிகள் கேட்பார்கள்.

இடைக்கால உத்தரவு மூல மனுவைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறது. மனுதாரர் தொடர்ந்து ஆஜராகாமல், மனு தள்ளுபடியானால் இடைக்கால உத்தரவும் கூடவே போய்விடும். நான் பார்த்த வரையில் பெண்கள் பாதுகாப்பை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உத்தரவு கையில் வந்துவிட்டது, இனி எதற்கு அலைய வேண்டும் என்று வாய்தாவுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். எதிர்த் தரப்பு அதற்காகவே வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று பிரிவு 12(5) சொல்கிறது. நடைமுறையில் அது வருடக்கணக்கில் இழுக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் சாட்சி சொல்லி, இறுதி உத்தரவு வாங்குங்கள். முடிவுத் தேதி இல்லாத அந்தப் பாதுகாப்பு அப்போதுதான் முழுதாகக் கைக்கு வரும்.

குறிஞ்சி:
வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். வைகைக்கரை ஐயா சட்டம் சொல்லிவிட்டார். காவல் நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டும்போது பிரிவு எண் யாருக்கும் ஞாபகம் வராது.

அல்லி, உத்தரவு நகல் உங்கள் பகுதி காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பிரிவு 24இன்படி கோர்ட்டே இரு தரப்புக்கும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் இலவசமாக நகல் அனுப்ப வேண்டும். வழியில் எங்காவது தங்கிவிடுவதும் உண்டு. அதனால் நீங்களே ஒரு நகலை உறைக்கடிதத்தோடு எடுத்துப்போய்க் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா வேலை பார்க்கும் இடம் வேறு நிலைய எல்லைக்குள் வந்தால் அங்கேயும் ஒன்று. நீட்டிப்புக் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். பழைய தேதியோடு நகல் இருந்தால், "இது முடிந்துபோச்சும்மா" என்று நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெரியவர் சொன்ன ஆறு மாதக் கதையை நம்புகிற போலீஸ்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் கணவர் வாசலில் வந்து நின்றாலும், தன் தம்பியின் போனிலிருந்து கூப்பிட்டாலும், வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பினாலும், நடந்த நாளும் நேரமும் எழுதி வையுங்கள். செய்தியை அழிக்காதீர்கள். மீறல் என்று தெரிந்தால் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம், நேராகக் காவல் நிலையத்திலோ மாஜிஸ்திரேட்டிடமோ கொடுக்கவும் உரிமை உண்டு. இடைக்கால உத்தரவை மீறினாலும் இதே குற்றம்தான். பிரிவு 32இன்படி வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் மட்டுமே போதும் என்று அதே பிரிவு சொல்கிறது. "பக்கத்து வீட்டுச் சாட்சி இருக்கா?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181, அல்லது பொது அவசர எண் 112.

கரிசல்:
ஒரு சந்தேகம் கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் கேட்கும் வரை செல்லும் என்றால், எதிர்த் தரப்பு ஆயுள் முழுக்க ஒரு உத்தரவின் கீழ் இருக்க வேண்டுமா? நிஜமாகவே திருந்தியவனும் உண்டு, பொய்யாகச் சேர்க்கப்பட்ட நாத்தனாரும் உண்டு. என் உறவில் ஒரு பெண், அண்ணி போட்ட வழக்கில் வெளியூரிலிருந்து வாய்தாவுக்கு வந்துபோகிறாள். ஒரு தேதி என்று இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி இல்லையா?

வைகைக்கரை:
நியாயமான கேள்வி. வழி இல்லாமல் இல்லை. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் பிரிவு 29இன் கீழ் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம் பிரிவு 25(2) இருக்கிறது. சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டி, உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ இரு தரப்பும் கேட்கலாம். மாஜிஸ்திரேட் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்துதான் மாற்ற முடியும். இதில் கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு வைத்தது. உத்தரவு போட்ட பிறகு நடந்த மாற்றமாக இருக்க வேண்டும். முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது கொண்டுவந்து பழைய உத்தரவைத் துடைக்கவோ, கொடுத்த ஜீவனாம்சத்தைத் திருப்பிக் கேட்கவோ முடியாது என்றது.

நாத்தனார் மீது பொய் வழக்கு என்றால், வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாம். அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையோடு.

திருந்தியவருக்கு என்ன கஷ்டம் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை கரிசல். "அடிக்காதே, மிரட்டாதே" என்கிற உத்தரவு அடிக்காதவரை எந்த விதத்தில் கட்டிப்போடுகிறது?

கரிசல்:
அடிக்காதே என்பது சரி. வீட்டுக்குள் வராதே, குழந்தை படிக்கும் பள்ளிப் பக்கம் போகாதே என்பதெல்லாம்? குழந்தையைப் பார்க்க அவனுக்கும் ஆசை இருக்கும்.

வைகைக்கரை:
அது வேறு சங்கதி. அங்கேதான் 25(2) பயன்படும். பிரிவு 21இல் குழந்தையைப் பார்க்கும் ஏற்பாட்டைக் கோர்ட்டே செய்து தரலாம். அந்தப் பிரிவில் கொடுப்பது தற்காலிகப் பொறுப்புதான். நிரந்தரமாகக் குழந்தை யாரிடம் என்பதைக் குடும்ப நல நீதிமன்றம்தான் முடிவுசெய்யும். வீட்டில் குடியிருக்கும் உரிமை பிரிவு 19, மாதப் பணம் பிரிவு 20. "பெண் கேட்கும் வரை" என்கிற வாசகம் பிரிவு 18க்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. மற்றவை அந்தந்த உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவரை. ஒரே தாளில் எல்லாம் சேர்ந்து வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

பனைநிலா:
நான் யாழ்ப்பாணம். எங்கட சட்டம் உங்களுடையதில் இருந்து இந்த இடத்தில் நல்லா வேறுபடுகிறது. இங்கே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் கொடுத்தால் முதலில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும், 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி போடுவார்கள். அதுக்குப் பிறகு தரும் பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். தேவை என்றால் நீடிக்கக் கேட்கலாம்.

கரிசல் கேட்டமாதிரித் திகதி இருக்கிறது, ஆனால் நிம்மதி எந்தப் பக்கம் என்று நான் சொல்கிறேன். நான் கூடப் போய் வந்த ஒரு பிள்ளைக்கு, கட்டளை முடியும் மாதம் நெருங்க நெருங்கக் கை நடுங்கத் தொடங்கிவிடும். அந்த வருசம் முழுக்க அவன் அடிக்கவில்லை, கட்டளை இருந்தபடியால்தான் அடிக்கவில்லை. நீடிக்கக் கேட்கப் போனால் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி, "ஒரு வருசமாக ஒன்றும் நடக்கவில்லையே, பிறகேன் கட்டளை?" என்று கேட்பார். அவள் பழைய காயத்தை எல்லாம் திரும்பவும் சொல்ல வேண்டும். உங்கட 25(1) எங்களுக்கும் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இங்கே உதவிக்கு 1938 என்ற இலக்கம் இருக்கிறது, ஆராவது தேவைப்படுபவர்கள் குறித்து வையுங்கோ.

குறிஞ்சி:
பனைநிலா, நீங்கள் சொன்னதை எங்கள் மையத்துக்கு வரும் புதிய ஆலோசகர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். "ஒன்றும் நடக்கவில்லையே" என்பதை உத்தரவு வேலை செய்கிறது என்பதற்கான அத்தாட்சியாகப் பார்க்க வேண்டும். அதையே உத்தரவு தேவையில்லை என்பதற்குக் காரணமாக்கிவிடுகிறார்கள்.

மருதம்:
சிங்கப்பூரில் என் சித்தி மகள் இருக்கிறாள். அங்கே அவசர உத்தரவு 28 நாள் என்றும், விசாரித்துக் கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவு கோர்ட் ரத்து செய்யும் வரை இருக்கும் என்றும் சொல்கிறாள். நான் முதலில் எழுதியதைப் படித்துவிட்டு அவளே போன் செய்தாள்.

தேனூற்று:
எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. என் மகளுக்கு இதே நிலை வந்தது. இறுதி உத்தரவே வாங்கியிருந்தோம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். மாப்பிள்ளை காலில் விழுந்தார். "சேர்ந்து வாழப் போகிறீர்கள், அப்புறம் எதற்குக் கோர்ட் காகிதம்? அதை எடுத்துவிட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்" என்றார்கள். நாங்களும் மகளை அழைத்துப்போய் உத்தரவை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடவைத்தோம். அடுத்த பொங்கலுக்குள் அவள் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மறுபடியும் முதலிலிருந்து மனு, நோட்டீஸ், வாய்தா.

அல்லி, சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்பது உன் அக்கா முடிவு. யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது, நீயும் கூட. ஆனால் அந்தக் கையெழுத்தை மட்டும் யாருக்காகவும் போடாதீர்கள் கண்ணு. சேர்ந்து வாழ்ந்துகொண்டே உத்தரவை வைத்திருக்க முடியாதா என்று அன்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. வக்கீல் தம்பி, முடியுமா?

வைகைக்கரை:
முடியும் அம்மா. இதைக் கேட்டதற்கு நன்றி, இந்த இழையில் எல்லோரும் படிக்க வேண்டிய கேள்வி இது. சேர்ந்து வாழ்வதால் உத்தரவு தானாக ரத்தாவதில்லை. அவள் நீக்கும்படி மனு போட வேண்டும், அல்லது அவர் 25(2)இல் மனு போட்டுக் கோர்ட் மாற்ற வேண்டும். இந்த இரண்டும் நடக்காதவரை உத்தரவு உயிரோடுதான் இருக்கும்.

பிரிவு 18இல் பல வகைத் தடைகள் இருக்கின்றன. வன்முறை செய்யாதே என்பது ஒன்று. வேலையிடத்துக்குள் நுழையாதே, எந்த விதத்திலும் தொடர்புகொள்ளாதே, சீதனப் பொருளை விற்காதே, பாங்க் லாக்கரைத் தொடாதே என்பவை வேறு. சேர்ந்து வாழ முடிவெடுத்தால் "வராதே, பேசாதே" என்கிற பகுதியை மட்டும் தளர்த்தச் சொல்லி 25(2)இல் கேட்டுவிட்டு, "வன்முறை செய்யாதே" என்பதை அப்படியே விட்டுவைக்கலாம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே அந்தப் பாதுகாப்பு தொடரும். இதற்கு ஒப்புக்கொள்ளாத கணவர் எதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டும். நீக்கும் மனு வரும்போது, யாராவது மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்களா என்று சில நீதிபதிகள் பெண்ணை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்போது உண்மையைச் சொல்லலாம்.

கரிசல்:
தேனூற்று அம்மா எழுதியதைப் படித்த பிறகு, தேதி வேண்டும் என்பதை நான் வற்புறுத்தவில்லை. பொய் வழக்குக்குச் சீக்கிரம் தீர்ப்பு வர வேண்டும் என்பதை மட்டும் இன்னும் சொல்வேன். மனு 60 நாளில் முடிந்தால் இரண்டு பக்கத்துக்குமே அது நல்லது.

வைகைக்கரை:
அதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்துதான்.

அல்லி:
எல்லோரும் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தேனூற்று அம்மா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அவளுக்கு இன்னும் சில கேள்விகள். பெங்களூரில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது, அங்கே போனால் இந்த உத்தரவு செல்லுமா? அவர் விவாகரத்து வாங்கிவிட்டால் என்ன ஆகும்? வக்கீல் ஃபீஸ் கட்டுவதும் கஷ்டமாக இருக்கிறது.

வைகைக்கரை:
பெங்களூர் என்ன, டெல்லி போனாலும் செல்லும். பிரிவு 27(2)இன்படி இந்தச் சட்டத்தின் கீழ் வரும் உத்தரவு இந்தியா முழுக்க அமலாக்கத் தக்கது. குறிஞ்சி சொன்னபடி அங்குள்ள நிலையத்திலும் நகல் கொடுத்துவிடுங்கள். தமிழில் இருக்கும் உத்தரவாக இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று சேர்த்துக் கொடுங்கள், அங்கே வாக்குவாதம் மிச்சமாகும். வழக்கு இங்கே நடப்பதால் வாய்தா நாளில் இங்கே வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்காவே வரத் தேவையில்லை, வக்கீல் ஆஜரானால் பல நாட்களில் போதும். சாட்சி சொல்லும் நாளில் மட்டும் கட்டாயம்.

விவாகரத்து ஆனாலும் பாதுகாப்பு உத்தரவு அதனால் மட்டும் மறைந்துவிடாது. திருமண வாழ்க்கையின்போது நடந்த வன்முறைக்கான நிவாரணம், பின்னால் வந்த விவாகரத்தால் அழியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லியிருக்கிறது. அவர் 25(2)இல் மனு போடக்கூடும், அப்போது பதில் போட வேண்டும். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒப்பந்தம் எழுதும்போது, "எல்லா வழக்குகளையும் உத்தரவுகளையும் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

குறிஞ்சி:
ஃபீஸ் பற்றி நான் சொல்கிறேன். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பிரிவு 12. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட அல்லது வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கும். ஆதார் நகலும் வழக்கு எண்ணும் எடுத்துப்போனால் விண்ணப்பம் எழுத அவர்களே உதவுவார்கள். போனில் கேட்க 15100. இப்போதிருக்கும் வக்கீலை மாற்றுவதாக இருந்தால் அடுத்த வாய்தா முடிந்து நீட்டிப்பு வாங்கிய பிறகு மாற்றுங்கள், நடுவில் யாரும் ஆஜராகாமல் போய்விடக் கூடாது.

அல்லி:
சரி குறிஞ்சி அக்கா, அப்படியே செய்கிறோம். வாய்தா அடுத்த வாரம் புதன்கிழமை. நானும் அம்மாவும் கூடப் போகிறோம். மனு முடியும் வரை என்று மாற்றிக் கேட்கச் சொல்லி வக்கீலிடம் இன்றே பேசிவிட்டேன். அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்று இங்கே எழுதுகிறேன்.

வைகைக்கரை:
எழுதுங்கள். நீட்டிப்பு உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு அன்றைக்கே நகல் மனு போட்டுவிடுங்கள், மறுநாளைக்கு என்று விடாதீர்கள்.